இன்டோர் காயில் முழுக்க ஐஸ் கட்டுகிறது: கேஸ் குறைவா, காற்று போகவில்லையா? காயிலை ரிப்பேர் செய்ய முடியுமா?

காசிமேட்டு வீடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு வட சென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்பக்கம், முதல் மாடி. கடல் காற்று நேராக ஜன்னலில் அடிக்கும். வீட்டில் ஒரே ஒரு ஏசி, ஒன்றரை டன் ஸ்ப்ளிட், இன்வெர்ட்டர் இல்லாத சாதா மாடல், உள்ளே குளிரூட்டுவது ஆர்-32 கேஸ். அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். முதுகு வியர்த்து ஊறினால் புண் வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருப்பதால் இந்த ஏசி எங்களுக்கு வசதிக்காக வாங்கிய பொருள் இல்லை, இல்லாமல் முடியாது.

பிரச்சினை இதுதான். இரவு போட்டால் முதலில் நன்றாகக் குளிர்கிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று குறைந்துகொண்டே வந்து, விடியற்காலையில் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, காற்று வருவதில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சொட்டி அப்பாவின் கட்டில் நனைகிறது. முன்பக்க மூடியைத் திறந்து பார்த்தால் காயில் (கேஸ் ஓடுகிற வளைந்த குழாய்த் தொகுதி) வெள்ளையாக, ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் மாதிரி இருக்கிறது. நிறுத்தி வைத்தால் காலையில் கரைந்துவிடும், ராத்திரி மறுபடியும் அதே கதை.

பக்கத்துத் தெரு மெக்கானிக் அழுத்த மீட்டர் வைத்துப் பார்த்து கேஸ் குறைவு என்று டாப்-அப் செய்தார். சில வாரம் பரவாயில்லாமல் ஓடியது. மறுபடி ஐஸ், மறுபடி டாப்-அப். இப்போது காயில் போய்விட்டது, மாற்ற வேண்டும், அதைவிடப் புது ஏசி வாங்கிவிடுங்கள் என்கிறார். ஃபில்டரை வாராவாரம் நானே கழுவிவிடுகிறேன், அதில் தூசு இல்லை.

உண்மையிலேயே காயில் போய்விட்டதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? போயிருந்தால் அதே காயிலைப் பற்றவைத்துச் சரிசெய்ய முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடுங்கையூர் கூலிங்:

தங்கச்சி, புது ஏசி பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். ஐஸ் என்றாலே கேஸ் குறைவு என்று எடுத்த எடுப்பில் சொல்கிறவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், காற்று போகாவிட்டாலும் ஐஸ் கட்டும். இரண்டில் எது என்று பார்க்காமல் சிலிண்டரைத் திறக்கக் கூடாது.

நடப்பது என்ன என்றால், காயிலுக்குள் திரவமாக வருகிற கேஸ் உங்கள் அறைக் காற்றிலிருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டுதான் ஆவியாகிறது. காற்று சரியாகப் போகும்போது காயில் சுமாராக 5லிருந்து 10 டிகிரியில் நிற்கும், அதன்மேல் ஈரம் தண்ணீராகப் படிந்து டிரேயில் வழிந்துவிடும். காற்று குறைந்தால் காயிலுக்குச் சூடு கிடைப்பதில்லை, உள்ளே அழுத்தம் இறங்குகிறது, அழுத்தம் இறங்க இறங்கக் காயிலின் வெப்பநிலையும் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அத்தனையும் ஃபின்ஸுக்கு, அதாவது காயிலில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு, நடுவில் உறைகிறது. அந்த ஐஸே அடைப்பாகி, வருகிற கொஞ்சக் காற்றையும் நிறுத்துகிறது. நீங்கள் சொல்கிற மாதிரி முதலில் நன்றாக இருந்து போகப் போக மோசமாவது இதனால்தான்.

இப்போது மீட்டர் விஷயம். ஆர்-32 கேஸ் 0 டிகிரிக்கு வரும்போது அழுத்தம் 103 பிஎஸ்ஐ (மீட்டர் காட்டும் அழுத்த அளவு) சுமார். பழைய ஆர்-22 என்றால் 57 பக்கம். ஓடும்போது ஆர்-32 ஏசியில் சக்ஷன், அதாவது கம்ப்ரசருக்குத் திரும்புகிற பக்கத்து அழுத்தம், அதைவிட நல்ல உயரத்தில், 115க்கு மேலே நிற்க வேண்டும். காயிலில் காற்று போகாவிட்டால், உள்ளே கேஸ் முழு அளவு இருந்தாலும் மீட்டர் 100க்குக் கீழே காட்டும். மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டுக் குறைவு என்று ஏற்றுகிறார். ஏற்றியதும் அழுத்தம் கொஞ்சம் மேலே வருவதால் ஐஸ் சில நாள் தள்ளிப்போகும், நோய் குணமான மாதிரித் தெரியும். உள்ளே தூசு இன்னும் சேரும்போது மறுபடி ஐஸ். இதன் கெடுதல் பிறகுதான் தெரியும்: என்றைக்காவது யாராவது காயிலை ஒழுங்காகக் கழுவிவிட்டால், அளவுக்கு மேல் ஏறிய கேஸ் மே மாத வெயிலில் அவுட்டோரில் அழுத்தத்தைத் தூக்கிவிடும், கம்ப்ரசர் ஓவர்லோடில் நின்று நின்று ஓடும், சில நேரம் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பிப் போய் அதையும் கெடுத்துவிடும்.

சில பேர் ஏசியை நிறுத்திவிட்டு மீட்டர் வைத்து, அழுத்தம் இருக்கிறது, கேஸ் சரியாக இருக்கிறது என்பார்கள். அதுவும் செல்லாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை நிற்கும் அழுத்தம் வெளி வெப்பத்தைப் பொறுத்துத்தான் இருக்கும், அளவைச் சொல்லாது.

உங்களால் வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும். ஐஸ் முழுவதும் கரைந்த பிறகு, பகலில் ஏசியைப் போட்டு, மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். ஐஸ் எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான் முக்கியம், முழுக்கக் கட்டிய பிறகு பார்த்தால் ஒன்றும் புரியாது. கேஸ் குறைவு என்றால் காயிலில் ஒரு ஓரத்தில், கேஸ் நுழைகிற இடத்தில் மட்டும் பனி பிடிக்கும், மற்ற இடம் ஈரமே இல்லாமல் வெதுவெதுப்பாக இருக்கும். அவுட்டோரில் மெல்லிசு பைப் நட்டிலும் பனி தெரியும், ஏனென்றால் உங்கள் மாடல் மாதிரியானவற்றில் கேப்பிலரி (கேஸின் அழுத்தத்தை இறக்குகிற மிக மெல்லிய குழாய்) அவுட்டோரில்தான் இருக்கும். காற்றுப் பிரச்சினை என்றால் காயில் முழுவதும் ஒரே சீராக ஈரமாகி, ஒரே சீராக வெளுக்கும். பருமன் பைப் வழியாகப் பனி அவுட்டோர் வால்வு வரைக்கும் போகும்.

அடுத்து, காற்று வெளியே வரும் வாயில் வழியாக டார்ச் அடித்து உள்ளே இருக்கும் ப்ளோயரைப் பாருங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நீள உருளையில் சின்னச் சின்ன வளைந்த இதழ்கள் இருக்கும், அந்த வளைவுக்குள் கறுப்பாகப் பிசின் மாதிரி அழுக்கு உட்கார்ந்திருக்கும். ஃபில்டர் பளிச்சென்று இருந்தாலும் இது அடைந்திருக்கும், சாதாரண சர்வீஸில் யாரும் இதைக் கழற்றுவதில்லை. இதழின் வளைவு நிரம்பிவிட்டால் மோட்டார் முழு வேகத்தில் சுற்றினாலும் காற்றைத் தள்ளாது. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. அழுக்கு ப்ளோயரில் பாதிகூட வராது.

கடைசியாக, ஐஸ் இருக்கும்போது ஸ்க்ரூ டிரைவர், கத்தி எதையும் வைத்துக் குத்திவிடாதீர்கள். குழாயின் சுவர் கால் மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், ஒரு குத்தில் முடிந்துவிடும். கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டால் தானே கரையும். கட்டிலை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்.

மூலக்கொத்தளம் மூணாவது மாடி:

அண்ணன் சொன்னதோடு இன்னும் ஒன்று. எங்கள் பக்கத்து வீடுகளில் அறையே பத்துக்குப் பத்து, பரண் இல்லாத வீடு கிடையாது. இடம் இல்லாமல் இன்டோரைப் பரணுக்கு அடியில் ஒட்டி மாட்டிவிடுகிறார்கள். ஸ்ப்ளிட் ஏசி காற்றை மேல்பக்கம் வழியாகத்தான் இழுக்கிறது, மேலே அரை அடியாவது இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் ஃபில்டர், ப்ளோயர் எல்லாம் சுத்தமாக இருந்தும் மூச்சு முட்டும்.

அப்புறம் ஃபில்டருக்கு மேலே கூடுதலாக ஒரு பஞ்சு ஷீட் ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வட சென்னையில் வீட்டுத் தரையைக் காலையில் துடைத்தால் சாயங்காலம் கால் கறுப்பாகிறது, அந்தப் புழுதிக்குப் பயந்து நிறையப் பேர் இந்த ஷீட்டை வாங்கி ஒட்டுகிறார்கள். தூசு நிற்கும்தான், ஆனால் காற்றும் சேர்ந்து நிற்கும். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் அந்த ஷீட்டைப் பிய்த்துப் போட்டதோடு ஐஸ் கட்டுவது நின்றது.

18 டிகிரி, ஃபேன் லோ, காற்று வரும் வாயிலில் உள்ள இலையைக் கீழே மடக்கி வைத்து ராத்திரி முழுவதும் ஓட்டுவதும் கூடாது. நோயாளிக்கு நேராகக் காற்று படக் கூடாது என்று நீங்கள் அப்படி வைத்திருக்க வாய்ப்பு இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து விற்கிற ஸ்டார் ஏசிகளை ஆன் செய்தால் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்கும், அதிலேயே விட்டு ஃபேனை மீடியத்தில் வைத்து, இலையை மேல்நோக்கி வையுங்கள். காற்று மேலே போய் இறங்கும், அப்பா மேல் படாது.

வியாசர்பாடி வயரிங்:

வோல்டேஜ் பாருங்க. ராத்திரி தெரு முழுக்க ஏசி ஓடும்போது சில லைனில் நன்றாக இறங்குகிறது. கம்ப்ரசர் தம் பிடித்து ஓடிவிடும், ப்ளோயர் மோட்டார் வேகம் குறையும். இன்வெர்ட்டர் இல்லாத மாடல்களில் ப்ளோயருக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், பொதுவாக 1லிருந்து 2 மைக்ரோஃபாரட்டுக்குள். அது பலவீனமானால் ஃபேன் சுற்றும், ஆனால் வேகம் வராது. மீட்டரில் அளந்து, எழுதியிருக்கும் அளவைவிட நன்றாகக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கரண்டை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் இருக்கும், வெறும் கையால் தொடாதீர்கள்.

இன்னொன்று, காயில் சென்சார். காயிலில் ஒரு செம்புக் குழிக்குள் செருகியிருக்கும் சின்னக் கம்பி. உறையப் போகிறது என்று ஏசியின் எலக்ட்ரானிக் போர்டுக்குச் சொல்லி கம்ப்ரசரை நிறுத்துவது அதன் வேலை. சர்வீஸ் பையன்கள் கழுவும்போது இழுத்துவிட்டு, திரும்பச் செருகாமல் காற்றில் தொங்கவிட்டுப் போவார்கள். அப்போது ஐஸ் கட்டினாலும் போர்டுக்குத் தெரியாது. உங்கள் ஏசி விடிய விடிய ஐஸோடு ஓடுகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அதுதான்.

காசிமேட்டு வீடு:

அண்ணன்மார்களுக்கு ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடி பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் உடனே பதில் போடவில்லை.

பகலில் ஓடவிட்டுப் பார்த்தேன். காயில் முழுவதும் சீராகத்தான் வெளுத்தது, ஓரத்தில் மட்டும் இல்லை. பருமன் பைப் வியர்த்து வெள்ளையாகிக்கொண்டே வெளியே போனது, மெல்லிசு பைப்பில் பனி இல்லை. டார்ச் அடித்துப் பார்த்த ப்ளோயரைப் பற்றி என்ன சொல்வது, இதழே தெரியவில்லை, ஈரக் கறுப்புப் பஞ்சு சுற்றிய மாதிரி இருந்தது. சென்சாரும் குழியில் இல்லை, வயர் ஓரமாக மடங்கிக் கிடந்தது. பரண் பிரச்சினை இல்லை, மேலே ஒரு அடி இருக்கிறது.

வேறு ஒரு சர்வீஸ்காரரை அழைத்து, ப்ளோயரைக் கழற்றித்தான் கழுவ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கழற்றிக் குளியலறையில் வைத்துக் கழுவினார், வந்த தண்ணீர் கரி கரைத்த மாதிரி ஓடியது. சென்சாரைச் செருகினார். அன்று ராத்திரியிலிருந்து ஐஸ் இல்லை, காற்று முகத்தில் அறைகிறது. அப்பா நன்றாகத் தூங்கினார்.

ஆனால் அவர் காயிலின் வலது ஓரத்தில், குழாய் வளைந்து திரும்புகிற இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை காட்டினார். அந்த வளைவுகள் எல்லாம் செம்பு நிறம் போய்க் கறுத்திருக்கின்றன, ஒன்றில் மட்டும் பச்சையாகவும் எண்ணெய் மினுமினுப்பாகவும் இருக்கிறது. ஃபின்ஸ் கீழ் வரிசையில் வெள்ளைத் தூளாக உதிர்கிறது. இது லீக்தான் என்கிறார். அப்படியானால் முதல் மெக்கானிக் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறதா? இதைப் பற்றவைக்கலாமா?

எண்ணூர் உப்புக்காத்து:

சிஸ்டர், எண்ணெய் மினுமினுப்பு என்றால் கேஸ் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கம்ப்ரசர் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுகிறது, ஓட்டை வழியாக கேஸ் காற்றோடு போய்விடும், எண்ணெய் மட்டும் அங்கே தங்கும். ஆக உங்களுக்கு இரண்டு நோய். பெரிய நோய் காற்று, அது தீர்ந்தது. சின்ன நோய் லீக், அது மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கிறது. கேஸ் எரிந்து தீர்கிற பொருள் இல்லை, குறைந்தால் எங்கோ வழி இருக்கிறது என்று அர்த்தம்.

நம் பகுதியில் காயில்கள் இவ்வளவு சீக்கிரம் போவதற்குக் காரணம் இருக்கிறது, யாரும் விற்கும்போது சொல்வதில்லை. செம்புக் குழாயும் அலுமினிய ஃபின்ஸும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, நடுவில் உப்பு ஈரம் வந்தால் பேட்டரி மாதிரி வேலை நடந்து அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகிறது. நீங்கள் பார்த்த தூள் அதுதான். செம்பு கறுப்பதற்குப் பெரும்பாலும் கந்தகம் காரணம். சாக்கடை கலந்த பக்கிங்ஹாம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும், மணலியின் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம், கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு தீப்பிடித்தால் வருகிற புகை, இதில் எதன் பக்கத்தில் இருந்தாலும் அழுகிய முட்டை வாடை தெரியும். அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைச் சாப்பிடுகிறது. என் வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைத் துடைத்து வைத்தால் எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்பதைப் பார்த்தாலே காயிலுக்கு என்ன நடக்கும் என்று புரியும். அதோடு அனல் மின் நிலையச் சாம்பல் ஃபின்ஸில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதை 2011ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிறுத்திய பிறகு ராயபுரம் பக்கம் கரித்தூள் குறைந்தது, ஆனால் அது எண்ணூர்த் துறைமுகத்துக்கு, அதாவது எங்கள் தலைக்கு வந்தது. இந்தக் காற்றை மூச்சாக இழுக்கிற மக்களைப் பற்றி யார் கணக்கு எடுக்கிறார்கள் என்பது தனிக் கோபம், அதை இங்கே விரிக்கவில்லை.

பற்றவைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். லீக் எங்கே என்பதைப் பொறுத்தது. வளைவிலோ, வளைவைச் செருகிப் பற்றவைத்த மூட்டிலோ என்றால் நல்ல கையால் பற்றவைத்தால் நிற்கும். ஃபின்ஸுக்கு நடுவில் குழாயில் ஊசி ஓட்டை என்றால் விட்டுவிடுங்கள். அந்த இடத்துக்குத் தீ எட்டாது, எட்ட வைக்க ஃபின்ஸை வெட்ட வேண்டும், ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும். சிலர் அந்த ஒரு குழாயை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் இணைத்துவிடுவார்கள். ஓடும், ஆனால் காயிலுக்குள் கேஸ் பிரிந்து போகும் பாதைகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறிவிடுவதால் ஒரு பக்கம் உறைந்தும் ஒரு பக்கம் சூடாகவும் இருக்கும், மறுபடி ஐஸ் பேச்சுக்கே வந்து நிற்பீர்கள். எபாக்சி பசை பூசுவது, கேஸோடு லீக் அடைக்கும் மருந்து ஊற்றுவது இரண்டையும் அனுமதிக்காதீர்கள். பசை இந்த அழுத்தத்தில் நிற்காது, மருந்து கேப்பிலரியை அடைக்கும்.

முழு அலுமினியக் காயிலாக இருந்தால் பற்றவைக்கும் யோசனையே வேண்டாம், உங்களுடையது செம்பு என்பதால்தான் இவ்வளவு பேச்சு.

பேசின் பிரிட்ஜ் பிரதர்:

இவ்வளவு எதற்கு? லீக் மெதுவாகத்தானே. வருஷத்துக்கு ஒரு தடவை டாப்-அப் போட்டுக்கொண்டு ஓட்டிவிடலாம், காயில் செலவு மிச்சம். எங்கள் வீட்டுப் பழைய ஆர்-22 ஏசி அப்படித்தான் பல வருஷம் ஓடியது.

கொடுங்கையூர் கூலிங்:

தம்பி, ஆர்-22 தீப்பிடிக்காது, அதனால் தப்பித்தீர்கள். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடிய வகை, காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரைமட்டத்தில் தங்கும். மெதுவான கசிவு காற்றோட்டமுள்ள அறையில் பெரிய ஆபத்து இல்லை என்பது உண்மை. ஆனால் இங்கே நோயாளி இருக்கிற, ராத்திரி முழுக்க மூடிய அறை. அரிப்பில் வந்த ஓட்டை இன்றைக்கு இருக்கிற அளவிலேயே இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. அந்த யோசனையை நான் இந்த வீட்டுக்குச் சொல்ல மாட்டேன்.

தங்கச்சி, நீங்கள் யாரை அழைத்தாலும் வேலை இந்த வரிசையில் நடக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம், காசு கொடுப்பவர் நீங்கள்.

முதலில் கேஸை மெஷின் வைத்து ரிகவரி சிலிண்டருக்குள் எடுக்க வேண்டும்; காயிலில் ஓட்டை இருக்கும்போது கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைக்கிற பம்ப் டவுன் வேண்டாம், ஓட்டை வழியாகக் காற்றும் உள்ளே போனால் ஆபத்து. ஜன்னலில் பீய்ச்சி விடுவது கூடாது. பிறகு இன்டோரைத் தனியாகப் பிரித்து, நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை போட்டு ஓட்டையைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய்க் கறை இருக்கும் வளைவில்தானா, இல்லை வேறு இடத்திலிருந்து வழிந்து வந்த எண்ணெயா என்பது அப்போதுதான் தெரியும். ஆக்சிஜனையோ கம்ப்ரசர் காற்றையோ ஏற்றுகிறேன் என்று யாராவது வந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள், எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும்.

வளைவில்தான் என்றால் காயிலைக் கழற்றி வெளியே, பட்டறையில் வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். அப்பா படுத்திருக்கும் அறையில் தீ மூட்டக் கூடாது. மிச்சக் கேஸ் தீயில் பட்டால் நச்சுப் புகை வரும், மூச்சுக்கு ரொம்பக் கெடுதல். அதனால் உள்ளே நைட்ரஜனை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டே பற்றவைக்க வேண்டும். அது இன்னொரு காரணத்துக்கும் வேண்டும்: நைட்ரஜன் இல்லாமல் சூடாக்கினால் குழாயின் உள்சுவரில் கறுப்புச் செதில் உருவாகி, பிறகு உதிர்ந்து போய்க் கேப்பிலரியில் அடைக்கும். வெளியே மூட்டு பளபளவென்று இருக்கும், ஏசி குளிராது, காரணமே பிடிபடாது. கறுத்த செம்பை மணல் தாளால் பளிச்சென்று தேய்க்காமல் பற்றவைத்தால் பற்றவைக்கும் கம்பியின் உலோகம் ஒட்டாது என்பதையும் பாருங்கள். கறுப்பு உள்ளே ஆழமாகப் போய்ச் செம்பு மெலிந்திருந்தால், தீயில் அடுத்த வளைவும் போகும். அப்படித் தெரிந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

மாற்றுவதானால் அதே மாடல் எண்ணுக்கான காயில்தான். வாரண்டி அட்டையையும் எடுத்துப் பாருங்கள், காயிலுக்குத் தனியாக வருடக் கணக்கு போட்டிருக்கலாம். அதே மாடல் கிடைக்காமல் வேறு எடுத்தால் குழாய் விட்டம், வரிசை, எத்தனை பாதையாகப் பிரிகிறது எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அளவு மட்டும் பொருந்துகிறது என்று போட்டால் கேப்பிலரிக்கும் காயிலுக்கும் ஒத்துப்போகாது. ஃபின்ஸில் நீலப் பூச்சு உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள், தண்ணீர் தங்காமல் வழியும், உப்புக்குக் கொஞ்சம் தாங்கும்.

திரும்ப மாட்டும்போது ஃப்ளேரை, அதாவது நட்டுக்குள் உட்காருகிற பைப்பின் விரிந்த முனையை, புதிதாக விரிக்க வேண்டும், பழையதை முறுக்கிவிடக் கூடாது. நைட்ரஜனில் ஒரு ராத்திரி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்த பிறகு வேக்யூம், அதாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுத்து எடுப்பது. மெஷினைப் போட்டு டீ குடித்துவிட்டு வந்து எடுத்துவிடுவார்கள். வேக்யூமை அளக்கிற மைக்ரான் மீட்டரில் 500க்குக் கீழே இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் அது ஏறாமல் நிற்க வேண்டும். இந்தக் கேஸுக்குப் போடுகிற எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் தங்கினால் உள்ளே அமிலமாகும்.

கடைசி வேலை உங்கள் விஷயத்தில் மிக முக்கியம். இரண்டு தடவை டாப்-அப் போட்டிருக்கிறார்கள், எவ்வளவு போனது எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் மிச்சம் இருப்பதன்மேல் ஏற்றாமல், அவுட்டோர் ஸ்டிக்கரில் கிராமில் எழுதியிருக்கும் அளவைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். மீட்டர் முள்ளைப் பார்த்து ஏற்றுவது போதாது. தராசு இல்லை என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். எல்லாம் முடிந்ததும் உள்ளே போகிற காற்றையும் வெளியே வருகிற காற்றையும் தெர்மாமீட்டரில் பாருங்கள், 8லிருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி நன்றாக வேலை செய்கிறது.

காசிமேட்டு வீடு:

நைட்ரஜன் போட்டுப் பார்த்தோம் அண்ணா. நுரை அந்த வளைவில் மட்டும் இல்லை, நடுவில் ஃபின்ஸுக்கு உள்ளேயும் ஒரு இடத்தில் கொப்பளித்தது. பற்றவைக்க வேண்டாம், காயிலே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். வாரண்டி அட்டையைத் தேடி எடுத்துவிட்டேன், காயிலுக்கு இன்னும் காலம் இருக்கிறது, கம்பெனியில் புகார் பதிவு செய்திருக்கிறேன். வேலை நடக்கும் நாளில் அப்பாவை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். புதுக் காயிலாவது இந்தக் காற்றில் நிற்க நான் என்ன செய்ய வேண்டும்? தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுகிற ஜெட் பம்ப் சர்வீஸ் அடிக்கடி செய்யலாமா?

எண்ணூர் உப்புக்காத்து:

வாரண்டியில் கிடைத்தால் ரொம்ப நல்லது. பராமரிப்புக்கு: அடிக்கடி கழுவுங்கள், ஆனால் வெறும் நல்ல தண்ணீரில், குறைந்த வேகத்தில், ஃபின்ஸின் நெடுக்குவாக்கில் மட்டும். குறுக்கே அடித்தால் ஃபின்ஸ் மடிந்து மறுபடி காற்று அடைபடும். மடிந்ததை நிமிர்த்த ஃபின் சீப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது. நுரை பொங்குகிற கெமிக்கல் அலுமினியத்தை அரித்துத்தான் அழுக்கை எடுக்கிறது, ஆசிட் அதைவிட மோசம், இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். போர்டைப் பிளாஸ்டிக்கில் மூடச் சொல்லுங்கள். ப்ளோயரைக் கழற்றிக் கழுவுவது கோடைக்கு முன்னால் ஒரு தடவை கட்டாயம்.

தினமும் காலையில் நிறுத்தும் முன் கூலிங்கை அணைத்துவிட்டு ஃபேன் மோடில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். காயில் ஈரத்தோடு பகல் முழுவதும் கிடந்தால்தான் உப்பும் சாம்பலும் வேலை செய்யும், பூசணம் பிடித்து ப்ளோயரும் அடையும். அறைக்குள் ஊதுவத்தி, ஸ்ப்ரே, வினிகர் போட்டுத் துடைப்பது எல்லாவற்றையும் குறையுங்கள், வினிகரிலிருந்து வருகிற அசெட்டிக் ஆவி மெல்லிய செம்பில் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஓட்டைகளை உண்டாக்கக்கூடியது. அவுட்டோர் கடலைப் பார்த்து மாட்டியிருந்தால், காயில் மாற்ற வருகிற அன்றைக்கே பக்கச் சுவருக்கு மாற்றித் தரக் கேளுங்கள், எப்படியும் பைப்பைக் கழற்றத்தான் போகிறார்கள்.

காசிமேட்டு வீடு:

கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது. கேட்டுவிடுகிறேன். பக்கச் சுவர் பக்கத்து வீட்டுச் சந்தைப் பார்த்தது, சந்து மூன்று அடிதான் அகலம். அவுட்டோர் சூட்டை வெளியே தள்ள அது போதுமா?

கொடுங்கையூர் கூலிங்:

மூன்று அடி போதுமா என்பதை இன்ஸ்டலேஷன் புத்தகத்தில் முன்பக்கத்துக்குக் கேட்டிருக்கும் இடைவெளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எதிர்ச் சுவரில் ஜன்னல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சூடு அவர்கள் வீட்டுக்குள் போகும், முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி ஸ்டாண்ட் போடச் சொல்லுங்கள், ஸ்டாண்டும் போல்ட்டும் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். பைப் நீளம் கூடினால் கேஸ் அளவும் மாறும், எத்தனை மீட்டர் வரை ஸ்டிக்கர் அளவு போதும் என்று இன்ஸ்டலேஷன் புத்தகத்தில் போட்டிருப்பார்கள், அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.